முப்பத்திரண்டு மாதங்கள் விலை போகாத வீடு

கும்பகோணத்தின் பழைய நகரப் பகுதியில் இருந்த எங்கள் அப்பாவின் வீட்டை 2022 தை மாதத்தில் விற்பனைக்கு விட்டோம். அதன் கிரயம் பதிவானது 2024 ஆவணியில். இடைப்பட்ட முப்பத்திரண்டு மாதங்களில் ஐம்பது பேருக்குக் குறையாமல் வந்து பார்த்திருப்பார்கள். கூடத்தில் நின்று உத்திரத்தை அண்ணாந்து பார்ப்பார்கள், கிணற்றை எட்டிப் பார்ப்பார்கள், திருச்சியிலிருந்து நாங்கள் பிளாஸ்க்கில் கொண்டுபோன காப்பியைக் குடிப்பார்கள், "வீட்டில் கலந்துகொண்டு சொல்கிறோம்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். ஏன் வேண்டாம் என்று ஒருவரும் சொன்னதில்லை. நாங்களும் யாரையும் கேட்டதில்லை. அந்தக் கேள்வியைக் கேட்க எங்களுக்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆயின. கேட்ட பிறகு ஒன்பதே மாதங்களில் வீடு விற்றுவிட்டது.

வீட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பதினேழு அடி அகலம், நூற்று முப்பத்திரண்டு அடி நீளம். சதுர அடிக் கணக்கில் 2,244, அதாவது ஐந்து சென்ட்டுக்குச் சற்று மேல். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை, கிணற்றடி, கொல்லை என்று ஒன்றன்பின் ஒன்றாக நீண்டு செல்லும் ஓட்டு வீடு. இருபுறமும் அண்டை வீடுகளோடு ஒட்டிய சுவர். தெற்குப் பார்த்த வாசல். தாத்தா 1958இல் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கியது. அப்பா 2019இல் காலமான பிறகு அம்மா திருச்சியில் என்னோடு வந்துவிட்டார். தம்பி சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். வீடு பூட்டிக் கிடந்தது.

விலையை நாங்கள் வைத்த விதமே தவறு. அடுத்த தெருவில் ஒரு வீடு ஒரு கோடிக்குப் போனதாகக் காதில் விழுந்தது. நம்முடையது சற்றுப் பழையது, ஐந்து லட்சம் குறைத்துக்கொள்வோம் என்று 95 லட்சம் வைத்தோம். அந்த ஒரு கோடி வீடு முப்பதடி முகப்புள்ள மூலை மனை என்பதைப் பின்னாளில்தான் தெரிந்துகொண்டேன். போதாக்குறைக்கு, 2021இல் நகராட்சி மாநகராட்சியாக உயர்ந்ததையும் 2028இல் மகாமகம் வருவதையும் சொல்லி, விலை ஏறத்தான் செய்யும், அவசரப்பட வேண்டாம் என்று தரகர் ஒருவர் தைரியம் ஊட்டினார். மகாமகத்துக்கு வரும் கூட்டம் குளத்தில் நீராடிவிட்டு ஊருக்குத் திரும்பும். பதினேழு அடி வீட்டை வாங்கிக்கொண்டு போகாது என்பது எங்களுக்கு அப்போது உறைக்கவில்லை.

ஒரு தரகரிடம் மட்டும் சொல்லியிருந்தால் ஓரளவு சமாளித்திருக்கலாம். நான்கு பேரிடம் சொன்னோம். அவரவர் தம் தரகையும் பேரத்துக்கான இடத்தையும் சேர்த்து விலை சொல்ல, ஒரே வீடு ஊரில் 95, 98, 102 என்று உலவியது. இணையத்தில் போட்ட விளம்பரங்களிலும் வெவ்வேறு விலைகள், வெவ்வேறு சதுர அடிகள். நாங்கள் 2022 ஆடியில் 90 லட்சமாகவும் அடுத்த தையில் 85 லட்சமாகவும் குறைத்தபோது, பழைய விளம்பரங்கள் அப்படியே கிடந்ததால், குறைத்ததைப் பார்த்தவர்களுக்கு வீட்டின்மேல் சந்தேகம்தான் வந்தது. சிறிது சிறிதாக விலையை இறக்குவது வாங்குபவரைக் காத்திருக்கத்தான் பழக்குகிறது.

இதற்கிடையில், நிலம் வீடு தொடர்பான சிக்கல் தீர மண்ணச்சநல்லூர் பூமிநாத சுவாமி கோயிலில் வேண்டிக்கொள்வது திருச்சிப் பக்கத்து வழக்கம் என்பதால், அம்மா கொல்லையிலிருந்து பிடிமண் எடுத்துவரச் சொன்னார். நான் மறுக்கவில்லை. மண் எடுக்கப் போன இடத்தில்தான் கொல்லைக் கதவின் நிலையைக் கரையான் அரித்து மண்ணாக்கியிருப்பதையும், முற்றத்து ஓரத்தில் ஓடு சரிந்து இரண்டு மழைக்காலத் தண்ணீர் சுவரில் இறங்கியிருப்பதையும் கண்டேன். வீடு பார்க்க வருபவர்களில் பலரைத் தரகர்கள் வாசல் வழியாகக் கூடம்வரை அழைத்துச் சென்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். கிணற்றடிக்கு அப்பால் நாங்களே போய்ப் பார்த்து ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது. டெல்டாவின் ஐப்பசி, கார்த்திகை மழையைப் பூட்டிய ஓட்டு வீடு தாங்காது. மாதம் ஒருமுறை கதவு சன்னல்களைத் திறந்துவைத்துக் கூட்டிப் பெருக்க ஓர் ஆளுக்குச் சம்பளம் கொடுத்திருந்தால் நாங்கள் இழந்ததில் பத்தில் ஒரு பங்குகூடச் செலவாகியிருக்காது.

அந்தப் பதற்றத்தில் அடுத்த தவறைச் செய்தோம். ஓடு மாற்றியது, சுண்ணாம்பு அடித்தது, கிணறு இறைத்தது, மின்விளக்குகளைச் சரிசெய்தது ஆகியவை வரை சரி. அவை எல்லாம் சேர்த்து எண்பதாயிரம் ரூபாய்க்குள் முடிந்தன, வீட்டின் வாடையும் மாறியது. ஆனால் கூடத்துக்கும் ரேழிக்கும் பளபளக்கும் தரை ஓடு பதிக்க மேலும் 2,40,000 ரூபாய் செலவழித்தோம். அறுபது ஆண்டுப் பழைய கட்டடத்தை வாங்குபவர் மனைக்காகத்தான் வாங்குவார், பெரும்பாலும் இடித்துவிடுவார் என்று வீட்டைப் பார்த்த கொத்தனாரே சொன்னார். அவர் பேச்சைக் கேட்டிருக்க வேண்டும். கசிவு, கரையான், வாடை, இருட்டு ஆகிய நான்கையும் நீக்கும் செலவு மட்டுமே விற்கும் வீட்டுக்குத் தேவை என்பது என் இப்போதைய முடிவு.

2023 மார்கழியில்தான் நான் நோட்டுப்புத்தகத்தை எடுத்து உட்கார்ந்தேன். மார்கழியில் யாரும் வீடு பார்க்க வரமாட்டார்கள் என்பதால் கையில் நேரம் இருந்தது. வந்துபோனவர்களில் இரண்டாம் முறையும் வந்து பார்த்தவர்கள் பதினான்கு பேர். அதாவது வீடு பிடித்தும் வாங்காதவர்கள். அவர்களுடைய எண்களைத் தரகர்களிடமிருந்து கெஞ்சிக் கூத்தாடி வாங்கி, ஒவ்வொருவராக அழைத்தேன். "இப்போது உங்களிடம் விற்கக் கேட்கவில்லை, எங்கள் பக்கம் என்ன குறை என்று தெரிந்தால் திருத்திக்கொள்வோம்" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட்டேன். அந்த வாக்கியம் இல்லாவிட்டால் யாரும் மனம்விட்டுப் பேசியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்வதை நம் ஊரில் மரியாதைக் குறைவாகக் கருதுகிறோம். பதினோரு பேர் பேசினார்கள். நான்கு பேர் பத்திரத்தில் சிக்கல் என்றார்கள். மூன்று பேருக்கு வங்கிக் கடன் போதவில்லை. இரண்டு பேர் கார் நிறுத்த இடமில்லை என்றார்கள். ஒருவருக்குத் தெற்கு வாசல் ஆகாது. ஒருவரை அவருடைய ஆடிட்டர் தடுத்திருக்கிறார். வெறுமனே விலை அதிகம் என்று விலகியவர் ஒருவருமில்லை. நாங்களோ இரண்டு ஆண்டுகளாக விலையை மட்டுமே மாற்றிக்கொண்டிருந்தோம்.

பத்திரச் சிக்கலை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பரம்பரை வீடுகள் பலவும் நிற்பது இந்த இடத்தில்தான். கும்பகோணம் போன்ற கோயில் நகரத்தில் வாங்குபவர் கேட்கும் முதல் கேள்வி, "கோயில் மனையா, சொந்த மனையா?" என்பது, அதற்கு 1958ஆம் ஆண்டுத் தாய்ப்பத்திரம் பதில் சொன்னது. ஆனால் நகர நில அளவைப் பதிவேட்டில் இன்னும் தாத்தாவின் பெயரே இருந்தது. தாத்தா 1984இல் உயில் எழுதாமல் இறந்தார். அவருக்கு அப்பாவைத் தவிர இரண்டு மகள்கள். என் அத்தைகள் இருவருக்கும் 1989ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்கு முன்பே திருமணம் ஆகிவிட்டதால் அவர்களுக்குப் பங்கில்லை என்று அப்பா எப்போதும் சொல்வார். நாங்களும் அதை நம்பினோம். வாங்க வந்த ஒரு தலைமையாசிரியருடைய வழக்கறிஞர் அந்த நம்பிக்கையை ஒரே பத்தியில் உடைத்திருந்தார்: அந்தத் திருத்தம் பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்தைப் பற்றியது, தாத்தாவின் வீடு சுயசம்பாத்தியம், அவர் உயிலின்றி இறந்ததால் 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே மகள்களுக்கும் மகனுக்கும் சமபங்கு உண்டு. அந்தக் கருத்துரை தலைமையாசிரியரின் கைப்பையில் 2022இலிருந்து இருந்திருக்கிறது. எங்களிடம் காட்டச் சங்கடப்பட்டு, "வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை" என்று சொல்லி விலகிவிட்டார்.

இதில் என்னை வெட்கப்பட வைத்த இரண்டு செய்திகள் உண்டு. தாத்தா இறந்தபின் அப்பா வாங்கிய வாரிசுச் சான்று டிரங்குப் பெட்டியின் அடியிலேயே கிடந்தது; அதில் இரண்டு அத்தைகளின் பெயர்களும் தெளிவாக இருந்தன. மற்றொன்று, அப்பாவின் வீட்டில் மகளான எனக்கும் பங்குண்டு என்பதில் எனக்கு ஒருபோதும் ஐயம் இருந்ததில்லை. ஆனால் தாத்தாவின் வீட்டில் அவருடைய மகள்களுக்குப் பங்குண்டா என்று ஒருமுறைகூட நினைத்துப் பார்த்ததில்லை.

மன்னார்குடியில் இருக்கும் பெரிய அத்தையைப் பார்க்கப் போனேன். சண்டை போடுவார், வழக்குத் தொடர்வார் என்றெல்லாம் அம்மா பயந்திருந்தார். அத்தை கேட்டது வேறு. "வீட்ட விக்கிறீங்கன்னு எனக்கு ஒரு புரோக்கர் வந்து சொல்லணுமா, ஏம்மா?" என்றார். அதன்பின் பேச்சு எளிதாகிவிட்டது. புனேயில் மகனோடு இருக்கும் சின்ன அத்தையிடம் அவரே பேசினார். தொகையை இங்கே எழுதுவது முறையல்ல. சட்டப்படி வரவேண்டியதில் பாதிகூட அவர்கள் கேட்கவில்லை என்று மட்டும் சொல்கிறேன். கிரயப் பத்திரத்தில் அவர்களும் விற்பவர்களாகக் கையெழுத்திடுவது என்று முடிவாயிற்று. அவர்கள் இருவரும் உயிரோடு இருந்தது எங்கள் நல்லகாலம். ஒருவர் மறைந்திருந்தால் அவருடைய பிள்ளைகள், வெளிநாட்டில் இருக்கும் மருமகள் என்று கையெழுத்துகளின் எண்ணிக்கை பெருகியிருக்கும். விற்கும் எண்ணம் தோன்றிய நாளிலேயே, சொத்தின் மீதான பழைய பதிவுகளைக் காட்டும் வில்லங்கச் சான்றிதழை எடுத்து, தாய்ப்பத்திரம் தொடங்கி இன்றுவரை உரிமை எப்படிக் கைமாறியது என்பதை ஒரு வழக்கறிஞரிடம் காட்டி, வாங்குபவர் செலவு செய்து பெறும் அந்தக் கருத்துரையை நாமே முதலில் பெற்றுவிட வேண்டும். பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்கம் பார்க்கலாம். 1975க்கு முந்தைய பதிவுகளுக்கு நாங்கள் சார்பதிவாளர் அலுவலகத்தில் நேரில் விண்ணப்பித்துத் தேட வேண்டியிருந்தது.

ஆடிட்டர் தடுத்ததாகச் சொன்னவர் ஒரு ஜவுளிக்கடைக்காரர். அவருக்கு வீடும் பிடித்து, விலையும் ஒத்துவந்து, பத்திரத்தைப் பற்றியும் கவலை இல்லை. விற்பவர்களில் ஒருவனாகிய என் தம்பி வெளிநாடு வாழ் இந்தியன் என்பதுதான் தடை. விற்பவர் உள்நாட்டில் வசிப்பவராக இருந்து விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால், வாங்குபவர் ஒரு சதவீத வரியைப் பிடித்து, தம் பான் எண்ணைக் கொண்டே கட்டிவிடலாம். வெளிநாட்டில் வசிப்பவரின் பங்குக்கு அந்த எளிய வழி கிடையாது. அன்றைய விதிப்படி வாங்குபவர் வரிப் பிடித்தத்துக்கென்று தனி எண் பெற வேண்டும், பல மடங்கு கூடுதலாகப் பிடிக்க வேண்டும், காலாண்டு அறிக்கை தாக்கல் செய்ய வேண்டும். குறைந்த பிடித்தத்துக்குச் சான்றிதழ் வாங்கித் தருவது விற்பவரின் பொறுப்பு. நாங்கள் அப்படி ஒன்று இருப்பதையே அறியவில்லை. "ஒரு வீடு வாங்க நான் எதற்கு இன்னொரு கணக்குத் திறக்க வேண்டும்?" என்று அவர் நினைத்ததில் பிழையில்லை. தம்பி 2024 பொங்கலுக்கு வந்தபோது, தன் பங்கை அம்மாவுக்கே விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதினான். குடும்ப உறுப்பினர்களுக்கிடையே எழுதும் விடுதலைப் பத்திரத்துக்கு முத்திரைத்தீர்வை ஒரு சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 10,000 ரூபாய். அவன் மனமுவந்து கொடுத்ததால் இந்த வழி எங்களுக்குப் பொருந்தியது. பணம் வேண்டும் என்கிற உடன்பிறப்பிடம் இதை வற்புறுத்தக் கூடாது, அவருக்குச் சான்றிதழ் வழியே சரி.

கடன் கிடைக்காத மூவரில் ஓர் இளம் தம்பதியைப் பற்றிச் சொன்னால் போதும். இருவரும் வேலை பார்ப்பவர்கள். 85 லட்சத்துக்கு ஒத்துக்கொண்டு, ஒரு லட்சம் முன்பணமும் கொடுத்தார்கள். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையான வீட்டுக் கடனுக்கு, சொத்து மதிப்பில் 80 சதவீதம் வரைதான் வங்கி கொடுக்கலாம் என்பது ரிசர்வ் வங்கியின் வரம்பு. அதன்படி 68 லட்சம் கடன் கிடைக்கும், மீதி 17 லட்சத்தோடு முத்திரைத்தீர்வை, பதிவுக் கட்டணம் சேர்ந்த ஒன்பது சதவீதமாகிய 7,65,000 ரூபாயையும் கையிலிருந்து போட்டால் முடிந்தது என்பது அவர்கள் போட்ட கணக்கு. வங்கியின் மதிப்பீட்டாளர் வந்து பார்த்து, அறுபது ஆண்டு கடந்த கட்டடத்துக்கு மதிப்பே போடாமல், மனைக்கு மட்டும் 62 லட்சம் என்று எழுதினார். எண்பது சதவீதம் என்றால் 49,60,000. அவர்கள் கையிலிருந்து போடவேண்டிய தொகை ஏறத்தாழ 25 லட்சத்திலிருந்து 43 லட்சமாக ஏறிவிட்டது. வாங்குபவருக்கு விலை என்பது நாம் சொல்லும் தொகை அன்று. அவர் சேமிப்பிலிருந்து எடுத்துவைக்க வேண்டிய தொகை என்பது இந்தக் கணக்கைப் பார்த்த பிறகே எனக்குப் புரிந்தது. வங்கிகளின் பட்டியலில் உள்ள மதிப்பீட்டாளர் ஒருவரிடம் சில ஆயிரம் ரூபாய் கொடுத்து நாங்களே முதலில் மதிப்புப் போட்டுப் பார்த்திருந்தால், 95 லட்சம் என்ற எண்ணை வாயால் சொல்லியிருக்க மாட்டோம். பக்கத்து வீடுகளின் கிரயத் தொகையையும் வில்லங்கச் சான்றிதழில் பார்க்கலாம். ஆனால் பலர் அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பை ஒட்டியே பத்திரத்தில் தொகை காட்டுவதால், அதைக் கீழ்வரம்பாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அந்தத் தம்பதியிடம் முன்பணம் வாங்கியதிலும் ஒரு பாடம் இருக்கிறது. வெள்ளைத்தாளில் எழுதி, கால வரம்பு போடாமல், ஏழு மாதம் காத்திருந்தோம். அந்த ஏழு மாதமும் வேறு யாருக்கும் வீட்டைக் காட்டவில்லை. தமிழ்நாட்டில் விற்பனை உடன்படிக்கையைப் பதிவு செய்வது 2012 திசம்பர் முதல் கட்டாயம். ஆனால் பதிவு செய்த உடன்படிக்கை வில்லங்கத்தில் ஏறிவிடும். வாங்குபவர் பின்வாங்கினால், அதை நீக்க அவரும் வந்து கையெழுத்திட வேண்டும். ஆகவே கடன் வாங்கி வாங்குபவராக இருந்தால், வங்கி மதிப்பீடும் சட்டக் கருத்துரையும் முடிந்த பிறகே உடன்படிக்கை எழுதுவது, எழுதினால் அறுபது நாளோ தொண்ணூறு நாளோ வரம்பு வைப்பது என்று இரண்டையும் பின்னர் விதியாக்கிக்கொண்டோம். முன்பணத்தை அவர்களுக்கு முழுதாகத் திருப்பிக் கொடுத்தோம். பிடித்துக்கொள்ளலாம் என்று தரகர் சொன்னார், அம்மா சம்மதிக்கவில்லை.

பாதிப் பணம் ரொக்கமாகத் தருகிறேன் என்றும் இருவர் வந்தார்கள். வீடு, மனை விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக முன்பணம் வாங்கினால், வாங்கிய தொகைக்கு நிகரான தண்டம் விதிக்க வருமான வரிச் சட்டத்தில் இடமுண்டு. வீடு விற்காத சலிப்பில் தம்பிக்குச் சற்றுச் சபலம் தட்டியது; நான் மறுத்துவிட்டேன். ஒத்திக்கு விடலாம் என்ற யோசனையையும் அப்படியே தள்ளினோம்: ஒத்திக்காரர் குடியிருக்கும் வீட்டை வாங்க வருபவர், அவர் எப்போது காலி செய்வார் என்ற கேள்வியோடுதான் வருவார்.

தெற்கு வாசலை மாற்ற முடியாது. அதனால் விளம்பரத்தின் முதல் வரியிலேயே தெற்குப் பார்த்த மனை, பதினேழு அடி அகலம் என்று எழுதச் சொன்னேன். தரகர்களுக்கு அது பிடிக்கவில்லை. வருபவர்களின் எண்ணிக்கை பாதியாகக் குறைந்தது. ஆனால் வந்தவர்கள் உண்மையாகவே வாங்க நினைத்து வந்தார்கள், திருச்சிக்கும் கும்பகோணத்துக்கும் இடையே வீணான எங்கள் பயணங்களும் குறைந்தன.

அகலம்தான் கடைசிவரை உறுத்தியது. பதினேழு அடிக்குள் காரையும் நிறுத்தி, மாடிப்படியும் வைத்து, காற்றோட்டமாகக் கட்டுவது கடினம் என்று பார்க்க வந்த பொறியாளர் ஒருவர் தாளில் வரைந்தே காட்டினார். போகிற போக்கில் அவர் சொன்ன ஒரு வாக்கியம்தான் வீட்டை விற்றுக் கொடுத்தது: "இந்த மனை யாருக்குமே உதவாது, பக்கத்து வீட்டுக்காரரைத் தவிர."

கிழக்குப் பக்கத்து வீட்டுக்காரர் பாத்திரக்கடை வைத்திருப்பவர். அவருடைய மனை இருபது அடி அகலம். எங்களுடையதைச் சேர்த்தால் முப்பத்தேழு அடி. வேறு யாருக்கும் குறையாகத் தெரிந்த அகலம் அவருக்கு மட்டும் ஆதாயம். ஆனால் எங்கள் விற்பனைப் பட்டியலில் அவர் பெயர் வந்ததே இல்லை, ஏனென்றால் நடுச்சுவர் யாருடையது என்று அவர் தந்தையும் என் அப்பாவும் பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்டு முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. தாய்ப்பத்திரத்து அளவுக்கும் நகர நில அளவைப் பதிவேட்டு அளவுக்கும் ஏழு சதுர மீட்டர்போல வித்தியாசம் இருந்ததற்கும் அந்தச் சுவரே காரணம். "அவரிடம் போய் நிற்க வேண்டுமா?" என்று அம்மா தயங்கினார். 2024 சித்திரையில் நானே போனேன். அவர் திண்ணையில் உட்காரச் சொல்லி, மோர் கொடுத்து, வெகுநேரம் கழித்துச் சொன்னார்: "ரெண்டு வருஷமா ஆளாளுக்கு வந்து பாத்துட்டுப் போறத நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். நீங்களா கேக்காம நான் எப்படிப்பா வாயெடுக்கறது?"

பேரம் 65 லட்சத்தில் தொடங்கியது. நான் இம்முறை வெறுங்கையோடு போகவில்லை. மதிப்பீட்டாளரின் 62 லட்சம், வழக்கறிஞரின் கருத்துரை, அத்தைகளின் சம்மதக் கடிதம், தம்பியின் விடுதலைப் பத்திரம், புதிதாக எடுத்த வில்லங்கம் ஆகிய அனைத்தையும் ஒரே கோப்பில் வைத்து அவர் முன் வைத்தேன். வரி போக எங்கள் கையில் எவ்வளவு நிற்கும் என்பதையும் முன்பே கணக்கிட்டிருந்ததால், எங்கே நிற்க வேண்டும், எங்கே இறங்கலாம் என்பது தெரிந்திருந்தது. 71 லட்சத்தில் முடிந்தது. வெளியார் எவரும் கொடுத்திருக்கக்கூடியதைவிட இது கூடுதல் என்றே நம்புகிறேன். இரண்டு மனைகள் சேரும்போது அவருடைய பழைய மனைக்கும் மதிப்பு ஏறுகிறதல்லவா. சுவர் யாருடையது என்ற கேள்விக்கு இனி யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

ஆடியில் பதிவு வேண்டாம் என்று அவர் சொன்னார். ஆவணி வரை காத்திருந்தோம். அந்த ஆடியில்தான், 2024 சூலை 23ஆம் நாள், நிலம், வீடு விற்பனையின் நீண்டகால மூலதன ஆதாய வரி விதி மாறியது. அதற்கு முன் வாங்கிய சொத்தாக இருந்தால், பணவீக்கக் குறியீட்டைக் கணக்கிட்டு 20 சதவீதம், கணக்கிடாமல் 12.5 சதவீதம் ஆகிய இரண்டில் எது குறைவோ அதை உள்நாட்டில் வசிக்கும் தனிநபர் கட்டலாம். அடக்கவிலையாக நாங்கள் எடுத்துக்கொண்ட 2001 ஏப்ரல் முதல் தேதி மதிப்பு பத்து லட்சம் என்று பதிவுபெற்ற மதிப்பீட்டாளர் சான்றளித்திருந்தார். அந்த நிதியாண்டின் குறியீடு 363 என்பதால் அது 36,30,000 ஆகும். முழு வீட்டையும் ஒரே கணக்காகப் பார்த்தால் பழைய முறையில் வரி 6,94,000, புதிய முறையில் 7,62,500. எங்களுக்குப் பழைய முறையே இலாபம். ஒவ்வொரு வீட்டுக்கும் இது மாறும் என்பதால் ஆடிட்டரிடம் இரண்டையும் போட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும். அம்மா தம் பங்கில் திருச்சியில் ஒரு சிறு அடுக்ககக் குடியிருப்பை வாங்கியதால், அவருக்கு வருமான வரிச் சட்டம் 54ஆம் பிரிவின் விலக்கும் கிடைத்தது.

பதிவு நாளன்று முகூர்த்தநாள் கூட்டம். பெரிய அத்தையை மன்னார்குடியிலிருந்து காரில் அழைத்து வந்தோம். சின்ன அத்தை முதல்நாளே ரயிலில் வந்து இறங்கியிருந்தார். எண்பது வயதைக் கடந்த பெரிய அத்தையின் தேய்ந்துபோன விரல் ரேகை கருவியில் பதிய மறுத்தது. துடைத்துத் துடைத்து வைத்து, ஐந்தாவது முறை பதிந்தது. விற்பவர்கள் நால்வர் என்பதால் ஒரு சதவீதப் பிடித்தத்துக்கு ஒவ்வொருவர் பெயரிலும் தனித்தனிப் படிவம் போட வேண்டும் என்று பாத்திரக்கடைக்காரரின் கணக்கர் முன்கூட்டியே சொல்லி, அதற்கான இரசீதுகளைப் பின்னர் தவறாமல் அனுப்பிவைத்தார்.

மாலையில் வாசற்கதவின் சாவியையும், கூடத்து அறையின் சாவியையும் அம்மா பாத்திரக்கடைக்காரரிடம் கொடுத்தார். அவர் கொல்லைக் கதவின் சாவியைக் கேட்டார். அதற்குச் சாவி இருந்ததே இல்லை, உள்ளே தாழ்ப்பாள் மட்டும்தான் என்று சின்ன அத்தை சொன்னார்.